மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் நோயியல் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவர் அல்லேன். கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. புரதங்களைப் பற்றி வகுப்பில் பாடம் சொன்ன காலத்தில் படித்ததைவிட, என் சித்தி மகளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அவற்றைப் பற்றி நான் படித்தது அதிகம். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: மார்பகக் கட்டியிலிருந்து எடுக்கும் திசுவில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே நம்பத் தக்க முறையில் சோதியுங்கள், நோய் வேறு உறுப்புக்குப் பரவினால் இயன்றவரை மீண்டும் சோதியுங்கள், அந்த முடிவு சொல்லும் பொருளை நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்குங்கள். உங்களில் பலர் இதை ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். அப்படி நடக்காத இடங்களும் நம் நாட்டில் இருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 98,000 பேர் அந்நோயால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இவ்வளவு பேரையும் கொல்வது மார்பில் இருக்கும் கட்டி அன்று. அங்கிருந்து கிளம்பி எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் மூளையிலும் போய்க் குடியேறும் செல்களே உயிரைப் பறிக்கின்றன. அந்தச் செல்கள் எப்போது கிளம்பும், எங்கே போகும், போன இடத்தில் பிழைக்குமா என்பவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அவை தாங்கியிருக்கும் புரதங்கள். ஆகவே, திசுவைச் சோதித்து எழுதும் நோயியல் அறிக்கையின் கடைசிப் பகுதியில் இரண்டு மூன்று வரிகளாக அச்சாகும் ஏற்பிகளின், அதாவது வெளியிலிருந்து வரும் கட்டளைகளைப் பெறும் புரதங்களின், முடிவை நான் ஒரு கூடுதல் குறிப்பாகக் கருத மாட்டேன். அந்த அறிக்கையின் உயிரான பகுதி அதுவே.

1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். இரத்தம் எல்லா உறுப்புகளுக்கும்தான் ஓடுகிறது. ஆயினும் கல்லீரலில் நோய் அடிக்கடி காணப்பட்டது, மண்ணீரலில் மிக அரிதாகவே காணப்பட்டது. விதை எங்கும் சிதறினாலும் அதற்கு ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். அந்த நிலமும் விதையும் எந்தப் பொருள்களால் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி 2001-இல்தான் கிடைத்தது. மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4 என்னும் ஏற்பிப் புரதம் மிகுந்திருப்பதையும், அதனுடன் இணையும் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் புரதம் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் மிகுதியாகச் சுரப்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். இந்நோய் வழக்கமாகப் பரவும் உறுப்புகளும் இவையே. அந்த ஏற்பியை எதிர்ப்புரதம் கொண்டு மறித்தபோது எலிகளில் நுரையீரலுக்கும் நிணநீர் முடிச்சுக்கும் நோய் பரவுவது குறைந்தது.

செல் கிளம்புவதற்கு முன் தன் கூட்டத்தை விட்டு விலக வேண்டும். மார்பகப் பால்குழாயின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது இ-கேட்ஹெரின் என்னும் புரதம். பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அழைக்கப்படும் லோபுலார் வகைப் புற்றுநோயில், அதாவது மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை உள்ள அந்த வகையில், இ-கேட்ஹெரின் பெரும்பாலும் முற்றிலும் இல்லாமற் போகிறது. அதனால் அந்தச் செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்கின்றன. கைக்குத் தட்டுப்படுவதில்லை, மேமோகிராம் படத்திலும் எளிதில் தெரிவதில்லை. பரவும்போதும் மற்ற வகைகளில் அரிதான இடங்களை, வயிற்றறை உறையையும் இரைப்பையையும் சினைப்பையையும், இவை நாடுகின்றன. லோபுலார் நோய் இருந்த பெண்ணுக்குச் சில ஆண்டுகள் கழித்து வயிற்று உப்புசமும் பசியின்மையும் வந்தால், வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன் அந்தப் பழைய அறிக்கையை யாரேனும் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இ-கேட்ஹெரின் குறைந்தால் பரவல் கூடும் என்று நான் பல ஆண்டுகள் பாடப் புத்தகங்களில் இருந்தபடியே கற்பித்தேன். 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்குழாய் வகைப் புற்றுநோயின் மாதிரிகளில் இந்தப் புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். செல்கள் அக்கம்பக்கத் திசுவுக்குள் ஊடுருவுவது கூடியது. ஆனால் அப்படி விலகிப் போன செல்கள் வழியிலேயே பெருமளவில் மடிந்தன, தொலைவில் புதிய கட்டிகள் தோன்றுவது குறைந்தது. அந்த வகையில் பயணத்தின்போது உயிர் பிழைக்க இதே புரதம் செல்லுக்குத் தேவைப்படுகிறது. ஒரே புரதம் ஒரு வகை நோயில் தடையாகவும் மற்றொரு வகையில் துணையாகவும் இருக்கக் கூடும் என்பதால்தான், எந்தப் பெண்ணுக்கு எந்த வகை என்பதைத் தனித்தனியே அறிவது இவ்வளவு முக்கியமாகிறது. அறிவு உடனே மருந்தாகிவிடுவதும் இல்லை. செல்லைச் சுற்றியுள்ள வலைப்பின்னலைக் கரைத்து வழி உண்டாக்கும் மெட்டாலோபுரோட்டினேஸ் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் 1990-களில் பெரும் நம்பிக்கையோடு சோதிக்கப்பட்டுப் பலனின்றிக் கைவிடப்பட்டன.

ஆனால் மருந்தாகவே ஆகிவிட்ட அறிவும் இருக்கிறது. அது உரியவருக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

ஹெர்-2 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவினரும், இந்தப் புரதத்துக்கான மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கும் கட்டிகளைக் கொண்ட பெண்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, அவர்களின் ஆயுள் குறைகிறது என்று காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காடு வரை இவ்வகை. செல்லின் மேற்பரப்பில் இயல்பைவிடப் பல மடங்கு நெருங்கி நிற்கும் ஹெர்-2, ‘பெருகு, நகர், சாகாதே’ என்ற கட்டளைகளை ஓயாமல் உள்ளே அனுப்புகிறது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் இந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு அந்தக் கட்டளையைத் தடுக்கிறது. அறுவைக்குப் பின் இம்மருந்தைத் தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2005-இல் வெளியான பெரிய சோதனைகள் காட்டின. ஒரு காலத்தில் மிக மோசமான விளைவைக் குறித்த ஒரு புரதம், மருந்து கிடைக்கும் பெண்ணுக்கு இன்று நம்பிக்கையின் அடையாளமாக மாறியிருக்கிறது. மருந்து கிடைக்காத பெண்ணுக்கு, அல்லது சோதனையே செய்யப்படாத பெண்ணுக்கு, அது இன்னும் 1987-ஆம் ஆண்டுதான்.

மூளைக்குப் பரவும் போக்கும் இவ்வகையில் அதிகம். டிராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. உடலின் மற்ற பகுதிகளில் நோய் அடங்கியிருக்கும்போதே ஒரு பெண்ணுக்குத் தொடர் தலைவலி வரக்கூடும் என்பதை அவருடைய வீட்டார் முன்கூட்டியே அறிந்திருந்தால், அந்தத் தலைவலியைத் தைலம் தேய்த்துக் கடத்திவிட மாட்டார்கள்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். புரதம் திசுவில் இருக்கிறது என்பதாலேயே சோதனையில் தெரிந்துவிடாது. வெட்டி எடுத்த கணத்திலிருந்து திசு சிதையத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அது, திசுவைக் கெடாமல் காக்கும் பத்து விழுக்காட்டு நடுநிலை பார்மலின் கரைசலில் இடப்பட வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். தாமதமானாலும், பார்மலின் போதாவிட்டாலும், பெரிய கட்டியைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே போட்டதால் நடுப்பகுதிக்கு பார்மலின் எட்டாமற் போனாலும், ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைப் பற்றும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி திசுவில் இருந்தும் இல்லை என்று அறிக்கையில் பதிவாகிவிடலாம். அப்படிப் பதிவான ஒரு வரி, பல ஆண்டுகள் நோயைத் தள்ளி வைத்திருக்கக் கூடிய மலிவான ஒரு மாத்திரையை அந்தப் பெண்ணிடமிருந்து பறித்துவிடுகிறது. எதனால் பறிபோனது என்பதைப் பின்னர் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

என் சித்தி மகளின் அறுவை முடிந்ததும், அகற்றிய திசுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வேறோர் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி அவளுடைய கணவரிடம் நீட்டினார்கள். டப்பா சிறியது, திசு அதற்குள் அழுந்திக் கிடந்தது, மேலே சிறிதளவே திரவம் நின்றது. அன்று மாலையாகிவிட்டதால் ஆய்வகம் மறுநாள்தான் வாங்கிக்கொண்டது. டப்பாவின் மேல் பெயரும் வயதும் எழுதியிருந்தார்கள், நேரம் எழுதவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லை என்று வந்த அறிக்கையை நான் பார்த்தபோது, அது அவளுடைய நோயின் இயல்பா, அந்த டப்பாவின் விளைவா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் ஊசியால் எடுத்து மெழுகில் பதித்து வைத்த சிறு துண்டு (மெழுகுக் கட்டி என்பார்கள்) வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்ததால் மறுபடியும் சோதிக்க முடிந்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தெளிவாகத் தெரிந்தது. அவள் இன்று அந்த ஏற்பியை மறிக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்தச் சிறு துண்டு இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

இந்திய ஆய்வுகளில் மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை ஏறத்தாழ 30 விழுக்காடு என்று பதிவாகிறது. மேலை நாடுகளில் அது 10 முதல் 15 வரை. நம் பெண்களுக்கு இளம் வயதிலேயே நோய் வருவது போன்ற உண்மையான காரணங்கள் இதற்கு இருக்கின்றன. ஆயினும் திசுவைப் பதப்படுத்துவதில் நேரும் குறைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட வேண்டாம். மூன்றும் இல்லாத வகை, திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. நுரையீரலையும் மூளையையும் நாடுகிறது. அந்தப் பெயரை ஒரு பெண்ணின் மேல் வைப்பதற்கு முன் நாம் உறுதியாக இருக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை இதற்கு நேர்மாறானது. அது பொறுமையாகக் காத்திருக்கும். ஐந்து ஆண்டுகள் ஹார்மோன் மருந்து சாப்பிட்டு அதுவரை நோயின்றி இருந்த ஏறத்தாழ 63,000 பெண்களைப் பற்றிய தொகுப்பாய்வு 2017-இல் வெளியானது. ஐந்தாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை நோய் தொலைவு உறுப்புகளில் திரும்புவது நிற்காமல் தொடர்ந்தது. கட்டி சிறியதாக, நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லாமல் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 13 விழுக்காடு. கட்டி பெரியதாக, நான்கு முதல் ஒன்பது முடிச்சுகளில் நோய் இருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. எலும்பு மஜ்ஜையில் உறங்கும் சில செல்கள் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் எழலாம் என்று யாரும் சொல்லாததால்தான், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பல பெண்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உடல் வெப்பமும் மூட்டு வலியும் தாங்க முடியாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் நிறுத்திவிட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லத் துணிவு வேண்டுமே. அந்தத் துணிவைத் தருவது உங்கள் விளக்கம்தான்.

எலும்புக்குப் பரவுவதைப் பற்றியும் ஒரு சொல். அங்கே போய்ச் சேர்ந்த புற்றுச் செல் தானாக எலும்பை அரிப்பதில்லை. அது ஒரு புரதத்தைச் சுரந்து, எலும்பை உருவாக்கும் செல்களிடமிருந்து ராங்க்-எல் என்னும் மற்றொரு புரதத்தை வரவழைக்கிறது. ராங்க்-எல், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுச் செல்லையே மேலும் வளர்க்கின்றன. இந்தச் சுழலை மறிக்கும் டெனோசுமாப் 2010-இல் வந்தது. அதைவிட மலிவான சோலெட்ரோனிக் அமிலம், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நோய் எலும்பில் திரும்புவதையே ஓரளவு குறைக்கிறது என்று 2015-இல் தெளிவானது. எலும்பு முறிந்த பிறகு வரும் பெண்ணுக்குச் செய்வதைவிட, முதுகு வலி தொடங்கியபோதே வருபவருக்கு நீங்கள் செய்யக் கூடியது எவ்வளவோ அதிகம்.

பரவிய இடத்தில் மறுசோதனை ஏன் வேண்டும் என்றால், புரதங்கள் மாறுகின்றன. மார்பில் இருந்த கட்டியில் கண்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் நிலை, பரவிய இடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் வேறாக இருக்கிறது. ஹெர்-2 ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் மாறுகிறது. பழைய அறிக்கையை வைத்துப் புதிய நோய்க்கு மருந்து கொடுத்தால், இவர்களுக்குத் தவறான மருந்து போகிறது. எல்லா இடத்திலிருந்தும் திசு எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடுக்க முடிகிற இடத்தில் எடுங்கள். எலும்பிலிருந்து எடுத்தால், அதை மென்மையாக்கக் கடுமையான அமிலத்தைத் தவிர்த்து ஈடிடிஏ கரைசலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்; அமிலத்தில் ஊறிய எலும்பில் ஹெர்-2 மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் சோதனை பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

அறிக்கையை எழுதும் நோயியல் மருத்துவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். ஹெர்-2 ‘இல்லை’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். சோதனையில் சாயம் ஏறிய அளவைக் காட்டும் 0 முதல் 3+ வரையிலான மதிப்பெண்ணில் அது 0-வா 1+ ஆ என்று குறிப்பிடுங்கள். 2+ என்றால் ஃபிஷ் சோதனை தேவை என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். 2022 வரை 1+ என்பதற்கும் 0 என்பதற்கும் சிகிச்சையில் வேறுபாடு இருந்ததில்லை. அவ்வாண்டு வெளியான சோதனையில், பரவிய நோயும் குறைந்த அளவு ஹெர்-2 புரதமும் உள்ள நோயாளிகளுக்கு டிராஸ்டுசுமாப்போடு செல்லைக் கொல்லும் மருந்தொன்றை இணைத்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் கொடுத்தபோது, இடைநிலை ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதமாக உயர்ந்தது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தக் குறைந்த அளவு வகையில் அடங்குவர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கும் இதே வேண்டுகோள்தான்: எத்தனை விழுக்காடு செல்களில், எவ்வளவு அழுத்தமாகச் சாயம் ஏறியது என்று எழுதுங்கள், ஒரு விழுக்காடும் கணக்கில் சேரும்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014-இல் இந்தியாவிலேயே தயாரித்த டிராஸ்டுசுமாப் சந்தைக்கு வந்தது; 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது; 2024 ஜூலையில் மத்திய அரசு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகானுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. இருந்தும் இந்தப் புதிய மருந்து சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. அதற்காக அரசிடம் போராடுவது எங்களைப் போன்றவர்களின் வேலையும்கூட. ஆனால் நேரத்தை எழுதுவதற்கும், போதிய அளவு பார்மலின் ஊற்றுவதற்கும், பெரிய கட்டியைக் குறுக்கே வெட்டிப் போடுவதற்கும் பெரிய செலவு இல்லை. ஹெர்-2 இருப்பது தெரிந்தும் மருந்து வாங்க முடியாத பெண்ணுக்கு ஓர் அறக்கட்டளையையோ காப்பீட்டுத் திட்டத்தையோ அணுகும் வழியாவது இருக்கிறது. தெரியாமலே போன பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே, திசுவோடு செல்லும் கோரிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: திசு எடுத்த நேரம், பார்மலினில் இட்ட நேரம். கீமோ சிகிச்சையோ அறுவையோ தொடங்கும் முன் ஊசித் திசுச் சோதனையிலேயே மூன்று ஏற்பிகளின் முடிவும் கைக்கு வந்திருக்கட்டும். மெழுகுக் கட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நோயாளியிடம் எழுதிக் கொடுங்கள்; அது அவருடைய உடைமை.

நோயாளிக்குக் கொடுக்க அரைப் பக்கத் துண்டறிக்கை ஒன்று தமிழில் வேண்டும். உங்கள் கட்டியில் இந்தப் புரதம் இருக்கிறது, இது இல்லை. ஆகவே இந்த மருந்து இத்தனை ஆண்டுகள். இன்னின்ன அறிகுறி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே வாருங்கள் என்ற அளவில் இருந்தால் போதும். அதை எழுதித் தர நானும், என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரும் அணியமாக இருக்கிறோம். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக் கையொப்பமிட உங்களில் ஒரு நோயியல் மருத்துவரும் ஓர் அறுவை மருத்துவரும் முன்வந்தால், வேலையை இந்த மாதமே தொடங்கிவிடலாம்.

மிகுந்த மதிப்புடன்,
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை ஒருவர்